மாதிரி வரவேற்பறையில் இருவர்

1

இந்தக் கதை என் முழங்கால் வலியில் பிறந்தது. நகர அருங்காட்சியகத்தின் இரண்டாவது மாடியில் பழைய தண்ணீர் மீட்டர்களையும் தெருவிளக்குகளையும் பார்த்துவிட்டு, உட்கார இடம் தேடி அலைந்துகொண்டிருந்தேன். 'நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் வரவேற்பறை' என்று எழுதியிருந்த அறையில், பார்வையாளர்களுக்குக் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம், சோபாவில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஐம்பதைத் தாண்டிய ஓர் ஆண், ஐம்பதை எட்டிக்கொண்டிருந்த ஒரு பெண். நடிகர்களை உட்கார வைத்திருக்கிறார்கள், பரவாயில்லையே என்று நினைத்தேன். அதற்குள் காவலாளி ஓடிவந்து, "யாருங்க உங்களை உள்ள விட்டது?" என்று கத்தினார். இருவரும் எழுந்து போய்விட்டார்கள்.

நான் பார்த்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு. பிடிக்காவிட்டால் இப்போதே சொல்லிவிடுங்கள், எனக்கும் வேறு வேலை இருக்கிறது.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

[காலம் என்னும் பெருநதியின் கரையில் இரண்டு நிழல்கள்...]

அடித்துவிட்டேன். கால் வலிக்கிற ஆளுக்குப் பெருநதி எதற்கு?

[அவர்கள் இருவரும் கணவன் மனைவி.]

இதையும் அடித்தேன். கணவன் மனைவி என்றால் ஒரே சோபாவில் அவ்வளவு நிமிர்ந்து, அவ்வளவு இடம் விட்டு உட்கார மாட்டார்கள். நடுவில் இன்னொரு ஆள் தாராளமாக உட்காரலாம். ஆகவே, கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று பேசிப் பார்க்க வந்தவர்கள் என்று வைத்துக்கொண்டேன்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். மனைவியை இழந்தவர். அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பவள். விவாகரத்தாகி, தனியாக இருக்கப் பழகி, அது பிடித்தும் போனவள். அவருடைய மகளும் அவளுடைய தம்பி மனைவியும் ஒரே அலுவலகத்தில் வேலை செய்கிறார்கள். இந்தச் சந்திப்பு அவர்கள் இருவரும் சேர்ந்து செய்த வேலை. ஹோட்டல் என்றால் கவனமெல்லாம் தட்டில் போய்விடும், பூங்கா என்றால் தெரிந்தவர் யாராவது வந்து நிற்பார்கள், அருங்காட்சியகத்துக்கு யார் வரப்போகிறார்கள் என்று மகள் சொன்னாளாம். என்னை அவள் எதிர்பார்க்கவில்லை.

கிளம்பும்போது தம்பி மனைவி சொன்னாள்: "அண்ணி, நல்லா பார்த்துக்கோங்க. துணைக்கு ஆள் தேடறாரா, சமைச்சுப் போட ஆள் தேடறாரா? தெரிஞ்சுக்கிட்டு, சரியா வருமா வராதான்னு இன்னிக்கே சொல்லிடுங்க. இழுத்தடிக்காதீங்க."

அவளுக்கும் அதே சந்தேகம்தான். முதல் கல்யாணத்தில் அவளை யாரும் மனைவியாக நடத்தவில்லை. வேலைக்காரியாக நடத்தினார்கள். அதை இன்னொரு தடவை தாங்க அவளால் முடியாது. ஆனால் இதை ஒரு மனிதரிடம் நேருக்கு நேர் எப்படிக் கேட்பது?

(* ஓர் இடைச்செருகல். அவள் யாரைப் பார்த்தாலும் முகத்துக்கு முன்னால் முழங்கையின் உட்புறத்தைத்தான் பார்ப்பாள். தொழில் பழக்கம். மெக்கானிக்குக்கு நல்ல நரம்பு, முதல் குத்திலேயே கிடைத்துவிடும். அவருக்குச் சாதகமாக இதுவரை என்னிடம் இருப்பது இது ஒன்றுதான்.)

3

உண்மையைச் சொன்னால், மெக்கானிக் எனக்குப் பிடிபடவில்லை. என்ன கேட்டாலும் "உங்க இஷ்டம்" என்கிறார். மேலே போகலாமா, கீழேயே பார்க்கலாமா? உங்க இஷ்டம். பக்கம் பக்கமாக எழுதியும் இந்த இரண்டு வார்த்தைதான் தேறியது. கதாபாத்திரம் இப்படி இருந்தால் எழுதுகிறவர் எப்படிப் பிழைப்பது?

அவளும் தன்னால் ஆனதைச் செய்தாள். டயலில் பூட்டுப் போட்ட கறுப்புத் தொலைபேசியைக் காட்டி, "எங்க வீட்லயும் இதே பூட்டுதாங்க. அடுத்த தடவை வந்தா நம்மளையும் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருவாங்க," என்றாள்.

மெக்கானிக் கொஞ்சம் யோசித்து, "வைக்கலாம்," என்றார்.

[அவளுக்குள் ஏமாற்றம் ஒரு...] வேண்டாம். அலுப்புத் தட்டிவிட்டது, அவ்வளவுதான். 'சரியா வராது' என்று தம்பி மனைவிக்குச் சொல்ல மனதுக்குள் தயாராகிவிட்டாள். கால் வேறு வலித்தது. (என் வலியைக் கொஞ்சம் அவளுக்குக் கொடுத்தேன்.) எதிரே ஒரு வரவேற்பறை, அதில் ஒரு சோபா. தரையைத் துடைத்தவர் கயிற்றை அவிழ்த்துவிட்டு மாட்ட மறந்து போயிருந்தார்.

"உக்காரலாமா?"

மெக்கானிக் என்ன சொன்னார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

4

உட்கார்ந்த சூடு ஆறுவதற்குள் ஒரு பெரியம்மா குடும்பத்தோடு வந்து நின்றார்.

"இங்க பாருங்க, நிஜ ஆளையே உக்கார வச்சிருக்காங்க! ஏங்க, சும்மாவே இருந்தா எப்படி? டிக்கெட் வாங்கியிருக்கோம்ல. ஏதாவது பேசுங்க."

[அவள் எழுந்து மன்னிப்புக் கேட்டாள்.] இப்படி எழுதினால் கதை இங்கேயே முடிந்துவிடும். அதனால் அவளுக்குக் கொஞ்சம் குறும்பைக் கொடுத்தேன். தொண்டையில் நிற்கும் கேள்வியைக் கேட்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது.

"வந்ததும் உக்காந்தாச்சு," என்றாள் சத்தமாக. "இன்னிக்கு யார் சமைக்கிறது?"

மெக்கானிக் திரும்பிப் பார்த்தார். அவள் கண்ணைக் காட்டினாள்.

"நேத்தும் நான்தான் பண்ணேன். இன்னிக்கும் நானே பண்றேன், அதுக்கென்ன," என்றார் அவர்.

"சுத்தப் பொய்!" என்றார் பெரியம்மா. "நாப்பது வருஷத்துக்கு முன்னாடி எந்த ஆம்பளை சமைச்சான்? சரித்திரத்தையே தப்பா காட்டறாங்க." அவருடைய கணவர் சட்டென்று அந்தப் பக்கம் திரும்பி ரேடியோவை ஆராய ஆரம்பித்தார்.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் நடிப்பில் யார் வேண்டுமானாலும் சமைப்பார்கள், அதை வைத்து என்ன முடிவு செய்வது? மேசைமேல் கிடந்த பழைய செய்தித்தாளை எடுத்து அவர் மடியில் போட்டாள். மெக்கானிக் அதை விரித்துக்கொண்டு வசதியாகச் சாய்ந்தார். பிறகு, தலையைத் தூக்காமலே, வீட்டில் பேசுகிற குரலில் கேட்டார்:

"மாத்திரை போட்டுட்டியா?"

கூட்டம் இன்னும் பலமாகச் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு எந்த மாத்திரையும் கிடையாது. வந்ததிலிருந்து மரியாதை குறையாமல் பேசிய மனிதர் இதைத் தன்னிடம் கேட்கவில்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அவருக்கும் புரிந்துவிட்டது. செய்தித்தாளை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

5

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். அவரை வேடிக்கையாக ஏதாவது சொல்லவைக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இது வந்துவிட்டது. எழுதிவிட்டு எனக்கே கஷ்டமாகிவிட்டது.

முதல் முடிவு: "போட்டாச்சு," என்கிறாள். கூட்டம் கைதட்டுகிறது, அடுத்த மாதம் கல்யாணம். உங்களுக்குப் பிடிக்கும், தெரியும். ஆனால் காலமெல்லாம் இன்னொருத்தியின் மாத்திரைக்கு இவள் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அடித்தேன்.

இரண்டாவது: "நான் அவங்க இல்ல," என்று எழுந்து போகிறாள். நியாயம்தான். ஆனால் செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் மனிதரை அப்படியே விட்டுப்போக எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவதில் கரண்ட் போகிறது. அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

6

கடைசியில் அவளை அவள் பாட்டுக்கு விட்டுவிட்டேன். அவள் செய்தித்தாளின் மேல் விளிம்பைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினாள்.

"என்ன மாத்திரை?"

"பிரஷர் மாத்திரை. காலையில சாப்பிட்டதும்."

"தினமும் கேப்பீங்களா?"

"தினமும். அவளுக்குப் பிடிக்காது. 'நான் என்ன குழந்தையா'ன்னு எரிஞ்சு விழுவா." மடியில் கிடந்த தாளை நீவிவிட்டார். "இப்ப சமையல், துணி, எல்லாம் நானே பார்த்துக்கறேன். அதுல ஒண்ணும் கஷ்டமில்ல. கேக்கத்தான் ஆளில்ல."

"என்னது, சோகமா போகுது," என்று பெரியம்மா குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு அடுத்த அறையின் சலூன் நாற்காலியைப் பார்க்கப் போய்விட்டார்.

அவள் தேடி வந்த பதில் கிடைத்துவிட்டது. இவர் சமைத்துப் போட ஆள் தேடவில்லை. தான் அக்கறையாக விசாரிப்பதற்கு ஓர் ஆள் தேடுகிறார். ஆனால் அந்த ஆள் நானா, போனவளா? இப்போது அவளுக்கு இது தெரிந்தாக வேண்டும்.

"எனக்கு மாத்திரை ஒண்ணும் கிடையாதுங்க."

"தெரியும். மன்னிச்சுக்கோங்க, வாய் தவறி..."

"மன்னிப்பெல்லாம் வேண்டாம். என்கிட்ட கேக்க உங்களுக்கு ஏதாவது இருக்கா? இருந்தா கேளுங்க."

மெக்கானிக் செய்தித்தாளை மடித்து வைத்தார். முதல் தடவையாக முழுசாக அவள் பக்கம் திரும்பினார். வாயைத் திறந்தார்.

அவருக்காக நான் எழுதிப் பார்த்தவை: [உங்களுக்கு என்னவெல்லாம் பிடிக்கும்?] வேலைக்கு ஆள் எடுக்கிற மாதிரி இருக்கிறது. [என்னைக் கல்யாணம் பண்ணிக்க சம்மதமா?] அவசரக்குடுக்கை. [தனியா இருக்கறது கஷ்டமா இல்லையா?] நாம் கேட்டிருந்தால் கன்னத்தில் வாங்கியிருப்போம்.

எனக்கு வரவில்லை. நீங்கள் வந்து அவருடைய இடத்தில் உட்காருங்கள். காவலாளி இப்போதுதான் படியேறத் தொடங்கியிருக்கிறார், நேரம் இருக்கிறது. அவள் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இத்தனை வருடங்களாக எதிரே வந்து உட்காருகிறவர்களெல்லாம் கையை நீட்டிக்கொண்டு அவளிடம் கேட்பது, 'வலிக்குமா?' என்ற ஒன்றைத்தான். அதைத் தவிர எதை வேண்டுமானாலும் கேளுங்கள்.