நேராகப் பறந்தால் ஒரு மணி நேரம்

1

இந்தக் கதை ஒரு கேள்வியில் பிறந்தது. வடதுருவத்தை ஒட்டிய துக்துலிக் விமான நிலையத்தின் ஒரே கவுண்டரில் பல குளிர்காலங்களாக உட்கார்ந்திருக்கிறேன். எல்லோரும் கேட்பது இதைத்தான்: "இக்காலுக் போக எவ்வளவு நேரம் ஆகும்?"

நேராகப் பறந்தால் ஒரு மணி நேரம். ஆனால் நேர் விமானம் கிடையாது. தெற்கே பெருநகரத்துக்கு இறங்கி, விமானம் மாறி, மறுபடி வடக்கே ஏற வேண்டும். மூடுபனி இல்லையென்றால் இரண்டு நாள். [மூடுபனி இல்லாத நாளே கிடையாது என்று எழுதி அடித்துவிட்டேன். கொஞ்சம் மிகை.]

2

'வெண்பனி போர்த்திய வடதிசையில்...' என்று தொடங்கினேன். வேண்டாம். அப்போது தெருவெல்லாம் சேறு. கடற்பனியும் உடைந்திருந்தது, பனிவண்டி போகாது.

லீட்டியா எங்கள் பள்ளிக்கூடத்துச் சமையல்காரர், கணவரை இழந்தவர். ஜேப்பிட்டி இக்காலுக் மின்நிலையத்தைப் பார்த்துக்கொள்பவர். தொலைபேசியிலேயே காதலித்து, கல்யாணமும் பேசி முடித்துவிட்டார்கள். யார் ஊரில் குடியிருப்பது என்பதில்தான் சண்டை. சொல்லாமல் போய் வாசலில் நின்றால் மனசு இளகும் என்று ஜேப்பிட்டி கிளம்பினார். அதே எண்ணத்தில், அதே வாரம், லீட்டியாவும்.

(நம்ப மாட்டீர்கள். ஒரு பிரதியில் லீட்டியாவை வீட்டிலேயே இருக்கவைத்துப் பார்த்தேன். கதை நகரவில்லை. தவிர, அவருக்குச் சீட்டு போட்டவனே நான்தான்.)

3

தெற்கு விமான நிலையத்தின் காப்பி வரிசையில் சந்தித்துக்கொண்டார்கள். ஜேப்பிட்டியின் கையில் உறைந்த மீன் பெட்டி.

"நீ எங்க இங்க?"

"உன் வீட்டுக்குப் போறேன். நீ?"

"உன் வீட்டுக்கு."

மூடுபனி இறங்கியது. இரண்டு நாள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, அந்த மீனை, எங்கள் பக்கத்து வழக்கப்படி பச்சையாகவே, பிளாஸ்டிக் கத்தியால் அறுத்துத் தின்றார்கள். தன் வாழ்விலேயே நல்ல இரண்டு நாள் அதுதான் என்று லீட்டியா பின்னால் என்னிடம் சொன்னார். பனி விலகியது. சீட்டை மாற்ற எந்த விமானத்திலும் இடமில்லை.

"சரி, போ. போய் என் நாய்ங்களுக்குச் சோறு போடு" என்றார் ஜேப்பிட்டி.

"என் அடுப்பைத் தொடாத."

"தொடுவேன்."

ஜேப்பிட்டி இங்கே லீட்டியா வீட்டுக்கு வந்தார். லீட்டியா இக்காலுக்கில் ஜேப்பிட்டி வீட்டுக்குப் போனார்.

4

அதன் பிறகு தினமும் தொலைபேசி.

"இங்க ஜன்னல்லயே கடல் தெரியுது. நான் வரல, நீ வா" என்பார் ஜேப்பிட்டி.

"உன் நாய்ங்க என் கால விட்டு நகர மாட்டேங்குது. நீதான் வரணும்."

முடிவு ஒன்று: லீட்டியா திரும்புகிறார். முடிவு இரண்டு: ஜேப்பிட்டி போகிறார். முடிவு மூன்றை எழுதிக்கொண்டிருந்தபோது ஜேப்பிட்டியே கவுண்டருக்கு வந்துவிட்டார், முகம் மழித்து.

"தோத்துட்டேன் தம்பி. நாளைக்கு இக்காலுக்குக்கு ஒரு சீட்டு போடு. அவகிட்ட மட்டும் சொல்லிடாத, சத்தியம் பண்ணு."

பண்ணினேன். தொலைபேசி அடித்தது.

"தம்பி, லீட்டியா பேசறேன். நாளைக்குக் கிளம்பி வர்றேன். அந்த ஆள்கிட்ட மூச்சு விடக்கூடாது. சத்தியம் பண்ணு."

ஜேப்பிட்டி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "சரிங்க" என்றேன்.

"யாரு?" என்றார்.

நான் இரண்டு பேருக்கும் வாக்குக் கொடுத்துவிட்டேன். நீங்கள் யாருக்கும் கொடுக்கவில்லை. அவர் இன்னும் கவுண்டரில்தான் நிற்கிறார். சொல்வதென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் தெற்கே மறுபடி மூடுபனி இறங்கட்டும் என்று எழுதி, இருவரையும் அதே பெஞ்சில் உட்காரவைத்துவிடுவேன்.