மார்னி சொன்னதாக

ஆர்லன் எழுந்து காபி போட்டான். நாய்க்குத் தீனி வைத்தான். பிறகு வழக்கம்போல அந்த எண்ணை அழைத்தான். பதிவு செய்த குரல், "இன்றைய நிறம் பச்சை" என்றது.

பச்சை, அவன் மனைவி மார்னியின் நிறம். அவள் கைப்பையில் யாருடையதோ போதை தரும் வலி மாத்திரைகள் போலீசிடம் சிக்கியபோது, ஒரு வருடம் ஒழுங்காக இருந்தால் வழக்கே இல்லை என்று ஒரு திட்டத்தில் சேர்த்தார்கள். ஆளுக்கொரு நிறம். தினமும் காலையில் அந்த எண்ணை அழைத்து, தன் நிறத்தைச் சொல்லும் நாளில் போய்ப் போதைச் சோதனைக்குச் சிறுநீர் கொடுக்க வேண்டும். தவறினால் சிறை. ஊரில் இருந்த சோதனை அலுவலகத்தைப் பணமில்லை என்று மூடிவிட்டார்கள். அடுத்தது மலைக்கு அந்தப் பக்கம். ஜனவரியில் ஒரு பச்சை நாளன்று, உறைந்த சாலையில் கார் சறுக்கி மார்னி இறந்தாள். அவன் அழைப்பது மட்டும் நிற்கவில்லை.

வாசலில் ஹார்ன் அடித்தது. திட்டத்தின் இயக்குநர் லொரெட்டா. மாநிலப் பணம் கேட்டு இன்று சட்டமன்றக் குழு முன் பேசப் போகிறாள். ஊர் அலுவலகத்தை மீண்டும் திறக்கத்தான் அந்தப் பணம் என்று சொல்லியிருந்தாள். அதனால்தான் ஆர்லன் வர ஒப்புக்கொண்டான்.

"ஷேவ் பண்ணலையா? நல்லது, அப்படியே இரு," என்றாள், அவன் காரில் ஏறியதும் டோனட்டைக் கடித்தபடி. "நீ பேச வேண்டாம் தம்பி. முன் வரிசையில உக்காந்தா போதும். மார்னி திட்டத்தை முடிச்சிட்டுத்தான் இறந்தான்னு கணக்குல சேத்துட்டேன்."

"அவ முடிக்கலையே மேடம்."

"இருந்திருந்தா முடிச்சிருப்பா இல்ல? பாதியில செத்துட்டான்னு போட்டா நம்ம கணக்குதான் அடி வாங்கும்."

"எங்க ஊர் ஆபீஸ எப்ப திறப்பீங்க?"

"அதுவா? இந்த வருஷம் இல்லப்பா. முதல்ல தலைநகர் ஹெலினாவுல ஒரு நல்ல கட்டடம் வேணும். நாலு பேர் மதிக்க வேண்டாமா?"

சர்க்கரை ஒட்டிய விரல்களால் அவன் தோளைத் தட்டினாள். இறங்கிவிடலாமா என்று அவன் கதவைப் பார்த்தான். கார் நெடுஞ்சாலைக்கு வந்துவிட்டிருந்தது.

குழுவின் முன் லொரெட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மார்னி கடைசியா சொன்னது இன்னும் என் காதுல இருக்கு. 'இந்தத் திட்டம்தான் எனக்கு உயிர் குடுத்துச்சு'ன்னா."

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். குழுத் தலைவர் ஆர்லனைப் பார்த்தார். "கேக்கக் கூடாதுதான். உங்ககிட்டயும் அப்படித்தான் சொன்னாங்களா தம்பி?"

தலையாட்டு என்று லொரெட்டா கண்ணால் சொன்னாள்.

ஆர்லன் எழுந்து மைக் அருகே போனான்.

"இல்ல சார். அன்னைக்கு நிறத்தைக் கேட்டதுமே வயிறு முட்டத் தண்ணி குடிச்சா. அங்க பக்கத்துல ஒருத்தி நின்னு பாத்துக்கிட்டே இருந்தா அவளுக்கு லேசுல ஒண்ணுக்கு வராது. ரோடெல்லாம் ஐஸா இருக்கு, மெதுவா போன்னேன். கார் கண்ணாடிய இறக்கினா."

"என்ன சொன்னாங்க?"

"'மெதுவா போனா அதுவரைக்கும் அடக்க முடியாதுடா. வழியிலயே போயிட்டா அப்புறம் ஜெயில்தான்.'"