ஆற்றைக் கடந்தவரின் மகள்

காசியம்மாள் பிறந்த அன்று கோமுகி ஆற்றில் வெள்ளம். அன்றைக்கேதான் அவள் அப்பா வேடியப்பனும் ஆற்றோடு போனார். இரண்டையும் சேர்த்து ஊர் முடிச்சுப் போட்டு, ‘அப்பனை முழுங்கிட்டுப் பொறந்தவ’ என்று அவளுக்குப் பேர் வைத்தது. யாரும் அதைக் கோபமாகச் சொன்னதில்லை. களையெடுக்க ஆள் கூப்பிடும்போது எந்தக் காசியம்மாள் என்று கேட்டால், அதைச் சொல்லித்தான் அடையாளம் காட்டுவார்கள்.

அவளும் நம்பினாள். கல்யாண வீடுகளில் பின்பக்கமாகவே நின்றாள். அடுத்தவர் குழந்தையைத் தூக்க மாட்டாள். கள்ளக்குறிச்சி கருணாபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகும் அப்படித்தான். புருஷன் சின்னதுரை நெல் மண்டிக்கு மூட்டை தூக்கக் கிளம்பும் நேரத்தில் அடுப்படியை விட்டு வெளியே வர மாட்டாள்.

“இன்னாம்மே, போறவனுக்கு மூஞ்சி காட்ட மாட்டியா?” என்று அவன் வாசலில் நின்று சிரிப்பான்.

“போய்ட்டு வாய்யா” என்பாள், உள்ளேயிருந்தே.

வெகுகாலம் கழித்து வயிற்றில் ஒன்று தங்கியது. அதிலிருந்து தூக்கம் போயிற்று. நான் அப்பாவை முழுங்கினேன், இது யாரை முழுங்கப் போகிறது? சின்னதுரை சோற்றில் கை வைக்கும்போதும் இதே நினைப்பு, அவன் அசந்து தூங்கும்போதும் இதே நினைப்பு. கால் வீங்கியது. தலை சுற்றியது. எட்டாம் மாதத்தில் பிரஷர் ஏறிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள்.

ஐப்பசி மாதம். ஜன்னலுக்கு வெளியே மழை விட்ட நேரங்களில் கல்வராயன் மலை நீலமாகத் தெரியும். கொஞ்ச நேரத்தில் மேகம் வந்து மூடிவிடும், மலையே இருந்ததில்லை என்பதுபோல. பக்கத்துக் கட்டிலில் செல்லியம்மாள் இருந்தாள். வெள்ளிமலைக்காரி. மழையில் மலைப்பாதை எப்போது அடைபடுமோ என்று முன்கூட்டியே பஸ் பிடித்து வந்து படுத்திருந்தாள். வாய் ஓயாமல் பேசுகிறவள். சாமை வயல், கரடி வந்த கதை, நாத்தனார் சண்டை எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, “நீ ஒண்ணு சொல்லேன்” என்றாள்.

காசியம்மாளிடம் இருந்தது ஒரே கதை, மருத்துவச்சியைக் கூட்டிவரப் போன அப்பாவை ஆறு கொண்டுபோன கதை. அதைச் சொன்னாள்.

செல்லியம்மாள் கேட்டுவிட்டு, “மருத்துவச்சி வந்து சேந்தாளா?” என்றாள்.

“வந்தா. ஈரப் பொடவையோட வந்து அவதான் என்னை எடுத்தா.”

“ம்” என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம். மாத்திரை மயக்கம், வெளியே தூறல். காசியம்மாளுக்குக் கண் செருகிக்கொண்டு வந்தது. புதிதாக வந்து சேர்ந்த கமலாவிடம் செல்லியம்மாள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். குரல் தூரத்திலிருந்து வருவதுபோல இருந்தது.

“ஒரு ஆளு இருந்தாரு. பொண்டாட்டிக்கு வலி கண்டுடுச்சு. மருத்துவச்சி இருக்கறது அக்கரையில. நடுவுல ஆறு கரை கொள்ளாம போவுது. ஊரே வேணாம்னு கையைப் புடிச்சி இழுக்குது. எம் புள்ள வர்ற நேரத்துல நான் சும்மா நிக்கறதான்னு எறங்கிட்டாரு.”

காசியம்மாளின் மூடிய கண்ணுக்குள் செம்மண் நிறத்தில் தண்ணீர் ஓடியது. முகம் தெரியாத ஒருவர் மார்பளவு நீரில் நடந்தார். திரும்பி வரும்போது அவர் தோளில் ஒரு பெண் இருந்தாள். நுரை அவர் கழுத்தைச் சுற்றி வந்து, விலகிப் போயிற்று. யாரோ எவரோ, ஆனாலும் மனம் பதைத்தது. “பாத்து, பாத்து” என்று அவள் வாய் முணுமுணுத்தது.

“கரை வந்துச்சு. அவளைத் தூக்கி மேல வுட்டு, ‘ஓடும்மா, ஓடு’ன்னாரு. அவரு ஏர்றதுக்குள்ள பெரிய மரம் ஒண்ணு அடிச்சிக்கினு வந்து மோதிடுச்சு. ஆனா கொழந்தை அழுத சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும். தண்ணி மேல சத்தம் ரொம்ப தூரம் போவும்.”

“ஐயோ” என்றாள் கமலா. “அந்தக் கொழந்தை?”

“தோ, படுத்துக்கினு இருக்கா பாரு.”

காசியம்மாள் கண்ணைத் திறந்தாள். கன்னமெல்லாம் நனைந்திருந்தது. ஒன்றிரண்டு வார்த்தை தவிர எல்லாம் அவளே சொன்னதுதான். ஆனால் இந்தக் கதையில் யாரும் யாரையும் முழுங்கவில்லை. அவள் வேண்டும் என்று ஒருவர் ஆற்றில் இறங்கியிருக்கிறார்.

சாயங்காலம் அவள் அம்மா ரங்கம்மாள் தூக்குவாளியில் கேழ்வரகுக் கஞ்சி கொண்டுவந்தாள்.

“யம்மா, அப்பா கெளம்பும்போது இன்னா சொன்னாரு?”

ரங்கம்மாள் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

“சிரிச்சிக்கினேதான் போனாரு. ‘ஆணா இருந்தா நீ பேரு வையி. பொண்ணுன்னா எங்க ஆத்தா பேரு, காசி. நான் வர்றதுக்குள்ள வேற பேரு வச்சிடாத’ன்னாரு.”

“இத்தினி வருசமா ஏன் சொல்லலை?”

“யாருடி கேட்டாங்க? எல்லாரும் செத்ததைத்தானே கேட்டாங்க.”

இரண்டு பேரும் அழுதார்கள். பிறகு ஒரே டம்ளரில் மாற்றி மாற்றிக் கஞ்சி குடித்தார்கள்.

அன்றைக்கு அவள் விடியும்வரை தூங்கினாள். பிரஷர் மெல்ல இறங்கியது. மாத்திரையும் வேலை செய்திருக்கும். கார்த்திகையில் பெண் குழந்தை பிறந்தது. சின்னதுரை துணியில் சுற்றிய குழந்தையை வாங்கத் தெரியாமல் வாங்கினான். அவனை அவள் பயமில்லாமல் பார்த்தாள். பழைய பயம் எப்போதாவது எட்டிப் பார்க்கத்தான் செய்தது. வந்தால், “எங்கப்பா ஆத்தைத் தாண்டினவரு” என்று குழந்தையின் காதில் சொல்லுவாள். அது போய்விடும்.

மாசி மாதம் மூன்று பேரும் வெள்ளிமலை பஸ் ஏறினார்கள். வளைவுக்கு வளைவு பனி விலகி, மறுபடி சேர்ந்தது. பஸ் மேகத்துக்குள் மிதந்து போவதுபோல இருந்தது. செல்லியம்மாள் மகனைத் தோளில் போட்டுக்கொண்டு காத்திருந்தாள். அவள் வீட்டு வாசலில் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள்.

“எருமை மேல ஏறி ஆத்தைத் தாண்டினாரே, அவரு பொண்ணு நீதானாம்மா?” என்றாள் ஒருத்தி.

எருமை எப்போது வந்து சேர்ந்ததோ! செல்லியம்மாள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள்.

“ஆமாங்க, நான்தான்” என்றாள் காசியம்மாள்.

பாய் விரித்தார்கள். அவள் நடுவில் உட்கார்ந்து குழந்தையை மடியில் சாய்த்துக்கொண்டாள். எல்லோரும் நெருங்கி வந்தார்கள்.

“அன்னிக்குக் காலையிலேர்ந்தே மழைங்க” என்று தொடங்கினாள்.