படங்கு

“மகள், பின்வளவ மறைக்கப் படங்கு ஒண்டு வேணும். காத்துக்குச் சீலை நிக்குதில்ல,” என்றாள் பக்கத்து வீட்டு உம்மு குல்சூம் மாமி. இறந்தவளின் மையித்தைக் குளிப்பாட்டும் வாளி அவள் கையில் இருந்தது.

கற்பூரம் பொடித்துக்கொண்டிருந்த றிஷ்னா நிமிரவில்லை. “கூட்டுல ஒண்டு கட்டியிருக்கு. அவிழ்த்துக்கோங்க மாமி.”

றிஷ்னா ‘தாத்தா’ என்று கூப்பிடும் அக்கா ஷிம்லா கட்டிய கூடு அது. கண்டக்குழிக் கரையில் வலையில் சிக்கி அடிபடும் கடற்பறவைகளை அதில் வைத்துத் தேற்றுவாள். றிஷ்னா, தெருவில் திரியும் பூனைகளுக்கெல்லாம் மீன்தலை வைப்பவள். பசித்த வாய்க்குக் கொடுப்பதில் என்ன பிழை என்பாள். போன வருடம் ஒரு பூனை கூட்டின் வலையைக் கிழித்து இரண்டு குஞ்சுகளைத் தின்றது. கிழிந்த பக்கத்தில் ஷிம்லா தார்ப்பாய்ப் படங்கை இழுத்துக் கட்டினாள். அதன் பிறகு ஒரே வீட்டில் இருவரும் தேவைக்கு மட்டும் கதைத்தார்கள்.

முந்தாநாள் ஆஸ்பத்திரியில், காய்ச்சலில் வெடித்த உதடுகளோடு, ஷிம்லாதான் முதலில் வாய் திறந்தாள்.

“கூட்டுல இருக்கிற ஆலாட சிறகு பொருந்திட்டு. வெள்ளிக்கிழமை கடலடியில விடணும். எனக்கு ஏலாட்டி நீ விடு.”

“நானா தாத்தா?”

“வேற ஆரு? ஒன்ட புள்ளைகளக் கட்டிப் போட்டுட்டு விடு.”

பூனைகளைத்தான் சொன்னாள். இருவரும் சிரித்தார்கள். ஷிம்லாவின் சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

இப்போது குளிப்பாட்டும் பலகையில் கிடந்த ஷிம்லாவின் தலை றிஷ்னாவின் இரு கைகளிலும் இருந்தது. மாமி தண்ணீர் வார்த்தாள். நனைந்த கூந்தல் இவ்வளவு பாரமாக இருக்கும் என்று றிஷ்னா நினைத்ததில்லை. காற்றில் படங்கு ஒருமுறை உப்பித் தணிந்தது. நீலப் படங்கு. அதில் காய்ந்திருந்த வெள்ளை எச்சங்களைப் பார்த்த பிறகுதான் கூட்டின் கிழிசல் திறந்து கிடப்பது அவளுக்கு விளங்கியது.

“மாமி, கூடு...”

“இந்த நேரத்துல கூட்டுக் கதையா? தலைய ஆட்டாம புடிங்க மகள்.”

படங்குக்கு அப்பால் சிறகடிப்புக் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

றிஷ்னாவின் கைகள் அசையவில்லை. விட்டால் தாத்தாவின் தலை பலகையில் இடிக்கும். காதுக்குள் தண்ணீர் போகாமல் பெருவிரலால் பொத்திக்கொண்டாள்.

ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் பள்ளிவாசலுக்குப் போன பிறகு, பின்வளவுக்கு வந்தாள். கூட்டுக்குள் ஆலா இல்லை; தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்து கிடந்தது. வலையின் கிழிசலில் வெள்ளை இறகொன்று சிக்கியிருந்தது. நிழலில் படுத்திருந்த செம்பூனை எழுந்து வந்து, வழக்கம்போல அவள் காலில் முதுகை உரசியது. அவள் அதைத் துரத்தவில்லை. குனிந்து தடவவுமில்லை.

“நாளைக்கு வெள்ளி,” என்றாள், யாரிடமென்று இல்லாமல்.

ஈரம் சொட்டிய படங்கைக் கொடியிலிருந்து அவிழ்த்து வந்தாள். கிழிந்த பக்கத்தை மூடி, தாத்தா கட்டுவதுபோலவே ஒவ்வொரு மூலையிலும் இரட்டை முடிச்சுப் போட்டாள். பிறகு ஒவ்வொன்றாக இழுத்து, இறுகியிருக்கிறதா என்று பார்த்தாள்.