அன்னாசிப் பலகை

மனிதனின் விதி அவன் கையில்தான் எழுதப்பட்டிருக்கிறது என்பது மெர்ல் ஹாஸ்டட் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்து கண்ட உண்மை. ரேகையில் அல்ல, அகலத்தில். விரல்களை முடிந்தமட்டும் விரித்து மேசைமேல் பதித்தால், கட்டைவிரல் நுனிக்கும் சுண்டுவிரல் நுனிக்கும் நடுவே பத்து அங்குலம் இருக்க வேண்டும். இருந்தால் அவன் அமெரிக்கக் கால்பந்தில் குவார்ட்டர்பேக். பந்தை வாங்கி, எறிந்து, ஓர் ஊரையே தலைநிமிர வைக்கப் பிறந்தவன். இந்த உண்மையை வைத்து போர்ட் கெய்லார்ட் ஸ்டர்ஜன்ஸ் அணிக்கு அதன் ஜெனரல் மேனேஜர் மெர்ல் இதுவரை இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்திருந்தார். ஒருவன் இப்போது ஏரியின் தென்கரையில் பழைய படகு விற்கிறான். மற்றவன் வீட்டுத் தரகன்.

தரகனின் படம் பஸ் நிறுத்த பெஞ்சு ஒன்றின் முதுகில் பெரிதாக அச்சாகியிருந்தது. ஏரிக்கரைச் சாலை சிக்னலை ஒட்டிய பெஞ்சு. மெர்லின் காரைக் கண்டாலே அந்தச் சிக்னல் சிவப்புக்கு மாறும். தினமும் காலையில் அவன் பல்லெல்லாம் காட்டி, அந்தப் பத்தங்குலக் கையை அவரை நோக்கி நீட்டிக்கொண்டிருப்பான். பக்கத்து பெஞ்சில் இன்னும் யாரும் விளம்பரம் ஒட்டவில்லை. அதைப் பார்க்காமலிருக்க மெர்ல் ரேடியோவைத் திருகிக்கொண்டிருப்பார்.

ஸ்டர்ஜன் என்பது ஏரியில் இருந்ததாகச் சொல்லப்படும் மீன். போர்ட் கெய்லார்டில் அதைக் கண்ணால் கண்டவர் யாரும் உயிரோடில்லை. அணி கோப்பை வென்றதைக் கண்டவர்களுக்கும் அநேகமாக அதே கதிதான்.

அணியின் சொந்தக்காரர் ட்ரூடி வான்டெர்லான் அம்மையார். மெத்தைக் கம்பெனியையும் அணியையும் சேர்த்தே விட்டுவிட்டுப் போயிருந்தார் கணவர். அம்மையார் யாரையும் அதட்டியதில்லை. வேலையை விட்டு அனுப்புவதாக இருந்தால், "குளிர்காலத்துக்கு எங்க போறதா உத்தேசம்?" என்று அன்பாக விசாரிப்பார். அவ்வளவுதான். விசாரிக்கப்பட்டவர் அந்தக் குளிர்காலத்தை எங்கே வேண்டுமானாலும் கழிக்கலாம், தன் ஆபீஸைத் தவிர. ஜனவரியில் அணி கடைசி இடத்தைப் பிடித்தபோது அவர் மெர்லிடம் சொன்னது இதுதான்: "மூணாவது பையனும் படகு விக்கப் போனான்னா எனக்கு மனசுக்குக் கஷ்டமா இருக்கும், மெர்ல்."

கடைசி இடம் வந்ததில் ஒரு லாபம் உண்டு. நாட்டிலேயே கெட்டிக்காரப் பையனை நாட்டிலேயே உருப்படாத அணிக்குத்தான் கொடுக்க வேண்டும் என்பது லீகின் சட்டம். மருமகளைப் படுத்தி எடுப்பதில் பேர்போன வீடாகப் பார்த்துத்தான் ஊரின் அழகான பெண்ணைக் கட்டிக்கொடுப்பது என்று பெரியவர்கள் கூடி முடிவெடுத்ததுபோல. அதற்கு டிராஃப்ட் என்று பேர். டிவியில் நேரடியாகக் காட்டுவார்கள். பையன்களின் அம்மாக்கள் அழுவார்கள். ஆனந்தக் கண்ணீர் என்பார் வர்ணனையாளர்.

அந்த வருஷத்து அழகி ரைலன் டப்ஸ். புல்வெளி மாநிலத்துக் கல்லூரிப் பையன். கை பத்தேகால் அங்குலம். மற்ற சோதனைகளும் குறைவில்லாமல் நடந்தன. ஜட்டியோடு நிற்கவைத்து எடை போட்டார்கள். பந்தில் தண்ணீர் தெளித்து எறியச் சொன்னார்கள். நீ மிருகமாகப் பிறந்திருந்தால் என்ன மிருகம் என்று ஒரு மனநல நிபுணர் கேட்டார். பையன் யோசித்து, "நாய்" என்றான். விசுவாசம் என்று எழுதிக்கொண்டார்கள். மாட்டுச் சந்தைபோலப் பல்லைப் பார்க்காதது ஒன்றுதான் பாக்கி என்று மெர்ல் நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு டாக்டர் வந்து பல்லையும் பார்த்தார்.

கல்லூரிக்கே போய் அவன் ஆடுவதையும் பார்த்தார் மெர்ல். கண்கொள்ளாக் காட்சி. பந்து கையை விட்டுக் கிளம்பும்போது காற்றில் துணி கிழிகிற சத்தம் கேட்டது. ஒவ்வொரு தடவை பந்து கைக்கு வருவதற்கு முன்னாலும் பையன் மைதானத்தின் ஓரத்தைத் திரும்பிப் பார்ப்பான். அங்கே நாலு பேர் நாலு பலகைகளைத் தூக்கிப் பிடித்திருப்பார்கள். ஒன்றில் டிராக்டர், ஒன்றில் சோபா, ஒன்றில் சேவல், ஒன்றில் அன்னாசி. பார்த்த மாத்திரத்தில் பையன் கிளம்பிவிடுவான்.

"என்னய்யா இது, பாலர் வகுப்பு மாதிரி?" என்று கேட்டார் மெர்ல்.

"நாலு படம் காட்டுவோம். எதைப் பாக்கணும்னு எங்காளுக்குத் தெரியும். எதிராளி மண்டையைப் பிச்சுக்குவான்" என்று சிரித்தார் கல்லூரிக் கோச். "பிடிச்சிருக்கா? இந்த அன்னாசியை எடுத்துட்டுப் போங்க. எங்களுக்கு ஒண்ணும் நஷ்டமில்ல."

மெர்ல் அதைக் கண்ணாடி போட்டுத் தன் ஆபீஸ் சுவரில், முந்தைய இரண்டு பையன்களின் படங்களைக் கழற்றிய ஆணிகளிலேயே மாட்டினார். ஓர் ஆணி கொஞ்சம் ஆடியது.

டிராஃப்டில் முதல் ஆளாக ரைலனையே எடுத்தார். ஜூலை மாதப் பயிற்சி முகாமில் முதல்நாள். பத்துப் பேர் வட்டமாகக் குனிந்து நின்றார்கள். நடுவில் ரைலன். அவன் ஹெல்மெட்டுக்குள் ஒரு சின்ன ஸ்பீக்கர். ஓரத்தில் நிற்கும் தலைமைக் கோச் லென்னி ஸ்பாக் அடுத்த ஆட்டத்தின், அதாவது யார் எங்கே ஓடுவது என்ற திட்டத்தின், பெயரை அதில் சொல்வார். பையன் அதைக் காதில் வாங்கி, வட்டத்தில் நிற்பவர்களுக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். எல்லா அணியிலும் இதுதான் நடைமுறை. ஆனால் ஸ்பாக்கின் ஆட்டங்களின் பெயர்கள் கல்யாணப் பத்திரிகை நீளம். இரு வீட்டார் பெயரும், தாய்மாமன் பட்டமும், மண்டப விலாசமும் எல்லாம் இருக்கும். அதைச் சுருக்கினால் கலை செத்துவிடும் என்பது அவர் கட்சி.

வேலிக்கு இந்தப் பக்கம் சோடாவோடு நின்ற மெர்ல் காது கொடுத்துக் கேட்டார். பையன் குரல் மூன்று வார்த்தை வந்தது. அப்புறம் சத்தமில்லை.

"தம்பி," என்றான் பந்தைக் கொடுக்கும் சென்டர் சியோனே. மலைபோல ஆள், இந்த அணியில் மூன்றாவது குவார்ட்டர்பேக்கைப் பார்க்கிறவன். "மீதி எங்கப்பா? வீட்லயே மறந்து வெச்சிட்டு வந்துட்டியா?"

"பச்சை... வலது... இல்ல, இடது."

"பச்சையா, வலதா, இடதா? மூணுல எதைத் தொட்டாலும் பரிசா?"

வட்டம் குலுங்கிச் சிரித்தது. மெர்லின் கையிலிருந்த சோடா வெதுவெதுப்பாகிவிட்டது. முதல்நாள்தானே என்று சொல்லிக்கொண்டார். இரண்டாம் வாரமும் முதல்நாள் மாதிரியே இருந்தபோது பையனை ஆபீஸுக்கு வரவழைத்தார்.

"உக்காரு. காலேஜ்ல வட்டம் கூடி நிக்கும்போது ஆட்டத்தை எப்படிச் சொல்லுவே? அதே மாதிரி இங்கயும் சொல்லு. பயப்படாதே."

"வட்டமா? நாங்க வட்டமே கூடினதில்ல சார்."

"சரி, ஹைஸ்கூல்ல?"

"அங்கயும் படம்தான் சார்." பையன் சுவரைக் காட்டினான். "அதோ, அந்த மாதிரி."

மெர்ல் திரும்பிப் பார்த்தார். அன்னாசி கண்ணாடிக்குள் மஞ்சளாக இருந்தது.

"அப்போ வாயால ஒரு ஆட்டத்தைக்கூட..."

"சொன்னதில்ல சார்."

"ஏன்டா, இத்தனை மாசமா எங்ககிட்ட இதை ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையே சார்." பையன் குரலில் குற்றம் சாட்டும் தொனிகூட இல்லை. "கையை நீட்டுன்னீங்க. நீட்டினேன்."

பையன் சோம்பேறியல்ல. ராப்பகலாக மனப்பாடம் செய்தான். சாப்பாட்டுக் கூடத்தில் தட்டைப் பிடித்துக்கொண்டு உதட்டை அசைத்தபடி நடந்தான். ஒரு வருஷம் ஓரத்தில் உட்காரவைத்துப் பழக்கினால் வந்துவிடும் என்று மெர்லுக்கே தோன்றியது. அதற்குள் ஆட ஒரு பழைய குவார்ட்டர்பேக்கும் இருந்தான். முட்டி இரண்டும் கெட்டவன், ஆனால் பேசுவான்.

முதலில் ஸ்பாக்கிடம் போனார். "லென்னி, பேரைக் கொஞ்சம் குறைச்சுக்கோயேன்."

"பையன் கை பத்தேகால் அங்குலம்னு நீதானே குதிச்சே? அந்தக் கையாலயே சைகை காட்டச் சொல்லு" என்றார் ஸ்பாக். "என் ஆட்டத்துல ஒரு வார்த்தை குறையாது."

பிறகு அம்மையாரிடம் போனார். போகும் வழியிலேயே அரங்கத்தின் வெளிச்சுவர் முழுக்க ரைலனின் முகம் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மையாரின் அறையில் அதே முகம் மெத்தை விளம்பரமாக. தலையணையில் சாய்ந்து, பந்தை மார்போடு அணைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

"அழகா இருக்கான்ல? டிக்கெட் எல்லாம் வித்துப் போயிடுச்சு" என்றார் அம்மையார். பிறகு மெர்லின் முகத்தை உற்றுப் பார்த்தார். "பையன் தயார்தானே, மெர்ல்?"

மெர்ல் வாயைத் திறந்தார்.

"இந்த வருஷம் குளிர் சீக்கிரமே வந்துடும்னு பேசிக்கிறாங்க" என்றார் அம்மையார்.

"தயார், மேடம்."

திரும்பும்போது சிக்னலில் வண்டி நின்றது. பக்கத்து பெஞ்சின் முதுகுக்கு யாரோ புதிதாக வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

சீசனின் முதல் ஆட்டம் உள்ளூரில். போர்ட் கெய்லார்ட் அரங்கத்தில் ஸ்கோர் பலகையைப் பார்க்கத் தேவையில்லை, ஏரிப் பறவைகளைப் பார்த்தால் போதும். அணி தோற்கப்போகிறது என்று தெரிந்து ஜனங்கள் எழுந்து போகப் போக, விட்டுப்போன உருளை வறுவலுக்கும் சாசேஜுக்கும் அவை வந்து இறங்கும். மற்ற அரங்கங்களில் ஆட்டம் முடிந்து வரும். இங்கே அன்று பாதி ஆட்டத்திலேயே கூரையில் வந்து வரிசையாக உட்கார்ந்துவிட்டன.

ரைலனின் ஸ்பீக்கர், ஒவ்வொரு தடவையும் பந்தை எடுக்கத் தரும் நேரத்தில் பதினைந்து நொடி மிச்சமிருக்கும்போது தானாக அணைந்துவிடும். அதுவும் லீக் சட்டம். ஸ்பாக் தாய்மாமன் பட்டத்தை முடித்து மண்டப விலாசத்துக்கு வருவதற்குள் அணைந்தது. பையன் வட்டத்தில் பாதிப் பத்திரிகையோடு நின்றான். வலதுபக்கம் ஓட வேண்டியவன் இடதுபக்கம் ஓடி, சொந்த ஆள்மேலேயே மோதிக்கொண்டான். நேரம் கடந்ததற்காக அபராதம் மேல் அபராதம். இருந்தும் நாலு முறை, வட்டம் கலைந்து எல்லாம் குழம்பிய நேரத்தில், பந்து துணி கிழிகிற சத்தத்தோடு பறந்து போய்ச் சேர்ந்தது. அதனால் கடைசி நிமிடங்களில் அணி நாலே புள்ளிதான் பின்னால் இருந்தது. இன்னும் ஓர் எறி போதும்.

அரங்கத்தின் மேலே முதலாளிகளுக்கான கண்ணாடிப் பெட்டியில் மெர்லும் அம்மையாரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில். பறவைகள் கீழ்வரிசைகளுக்கு இறங்கத் தொடங்கியிருந்தன. அம்மையார் அவர் முழங்கையை மெதுவாகத் தொட்டார்.

"மெர்ல், குளிர்காலத்துக்கு—"

"ஒரு நிமிஷம் மேடம், இதோ வந்துட்டேன்" என்று எழுந்து ஓடினார் மெர்ல்.

அவருக்கு அந்தக் கணத்தில் எல்லாம் விளங்கிவிட்டதுபோல இருந்தது. பையன் ஒவ்வொரு தடவையும் ஸ்பீக்கர் அணைந்ததும் மைதானத்தின் ஓரத்தைத் திரும்பிப் பார்க்கிறான். யாரோ ஏதோ காட்டுவார்கள் என்று பார்க்கிறான். யாரும் காட்டுவதில்லை. ஆபீஸுக்குள் புகுந்து சுவரிலிருந்து பலகையை இழுத்தார். ஆணியும் சேர்ந்து வந்தது. லிஃப்டில் இறங்கி, சுரங்க வழியாக மைதானத்துக்கு வந்தபோது காவலர்கள் சல்யூட் அடித்தார்கள்.

"என்ன மெர்ல் இது?" என்றார் ஸ்பாக்.

"தள்ளு லென்னி!"

வட்டம் கலைந்து வரிசை நின்றது. ரைலன் வழக்கம்போல ஓரத்தைத் திரும்பிப் பார்த்தான். கோட்டும் டையும் போட்ட அறுபது வயது ஜெனரல் மேனேஜர் கண்ணாடி போட்ட அன்னாசியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து நின்றார். அரங்கத்தின் பெரிய திரையிலும் அன்னாசி தெரிந்தது. பையன் முகத்தில் அன்று முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. புரிந்துகொண்டான் என்று மெர்லின் மார்பு விம்மியது.

சியோனே பந்தைக் கொடுத்தான். பையன் வாங்கினான். வாங்கியவன் இன்னும் பலகையையேதான் பார்த்துக்கொண்டிருந்தான். இடதுபக்கத்திலிருந்து எதிரணிக்காரன் ஒருவன் பாய்ந்து வந்தான். கூட்டம் "ஓ" என்றது, பறவைகள் மொத்தமாக எழும்பின. குவியலில் கடைசியாக எழுந்தவனின் பூட்ஸ் குதிகால், புல்லில் விரிந்து கிடந்த அந்தப் பத்தேகால் அங்குலத்தின் நடுவில் பதிந்து எழுந்தது.

மருத்துவக் கூடாரத்தில் பையனின் கையை ஐஸ் வாளிக்குள் வைத்திருந்தார்கள். சியோனே வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றியபடி நின்றான். வாசல் வழியே, மேலே கண்ணாடிப் பெட்டியில் அம்மையார் தன் பையைத் தோளில் மாட்டிக்கொள்வது தெரிந்தது.

"பாத்தியா இல்லையா?" என்றார் மெர்ல். பலகை இன்னும் அவர் கையில் இருந்தது. "அன்னாசியைக் காட்டினேனே?"

"பாத்தேன் சார். ரொம்ப நன்றி சார். ஊர் ஞாபகம் வந்துடுச்சு."

"அப்புறம் ஏன் ஆடல?"

பையன் சியோனேயைப் பார்த்தான். சியோனே தரையைப் பார்த்தான்.

"அது சும்மா காட்டறது சார். எதிராளியை ஏமாத்த" என்றான் ரைலன். "அன்னாசிக்குன்னு ஆட்டம் எதுவும் கிடையாது."