ரீச்சர் நிக்கட்டும்

நல்லூரில் அந்தப் பத்திரிகைக் கந்தோரின் மேல்மாடியில்தான் மரண அறிவித்தல் பகுதி. மூன்று மேசை, மூன்று கொம்பியூட்டர், ஒரு மின்விசிறி. அந்த விசிறியும் பக்கம் வடிவமைக்கிற ஜெரோசன் இருக்கிற பக்கம்தான் திரும்பும். நாட்டில் என்ன தலைபோகிற செய்தி வந்தாலும் சனம் பத்திரிகையை விரித்தவுடன் முதலில் தேடுவது இந்த மேல்மாடிக்காரர் செய்கிற பக்கத்தைத்தான். பதினொரு வருடமாக அந்தப் பகுதியைக் கொண்டு நடத்துகிற றஜிதாவுக்கு அது நன்றாகத் தெரியும். அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் கூடித்தான் போயிருந்தது.

அவர்களுக்கென்று ஒரு பாஷை இருந்தது. அறிவித்தல் என்று யாரும் சொல்லமாட்டார்கள், ‘பெட்டி’ என்பார்கள். படம் வந்து சேராத அறிவித்தல் ‘முகமில்லாத பெட்டி’. வெளிநாட்டிலிருந்து பத்துத் தரம் ரெலிபோன் எடுத்து மருமக்களின் பெயரை மாற்றச் சொல்கிற குடும்பம் ‘ரப்பர்காரர்’. “அக்கா, முகமில்லாத பெட்டியின்ரை ரப்பர்காரர் லைனிலை!” என்று ஜெரோசன் கத்தினால், படியேறி வந்த புது ஆள் வந்த வழியே திரும்பி ஓடவும் கூடும். அப்படி யாராவது முழித்தால் இவர்களுக்கு அன்றைய பொழுது நன்றாகப் போகும்.

அந்தப் பாஷையில் மூத்த சொல் ‘நிக்கட்டும்’.

அது வந்த கதை இது. ஏழு வருடத்துக்கு முன் ஒரு ஐயா சாகக் கிடந்தார். ‘இன்றைக்கு இரவு தாண்டாது’ என்று டொக்டர் சொல்லிவிட்டதால் அறிவித்தலை முன்கூட்டியே கொடுத்துவிட்டார்கள். பின்னேரம் ஐயாவின் மகள் மூச்சிரைக்கப் படியேறி வந்து, “போடாதேங்கோ, எங்கடை ஐயா நிக்கட்டும், இன்னும் கொஞ்சக் காலம் நிக்கட்டும்” என்று றஜிதாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்றிலிருந்து அச்சுக்குப் போகவேண்டிய பெட்டி ‘போகட்டும்’, தூக்கவேண்டிய பெட்டி ‘நிக்கட்டும்’. ஒருத்தியின் கண்ணீரில் பிறந்த சொல் கந்தோரில் தேய்ந்து தேய்ந்து, ‘பக்கத்தை விட்டு எடு’ என்ற வெறும் கட்டளையாக ஆகிவிட்டது.

வினோஜா வந்து சேர்ந்தது ஆனி மாதத்தில். கோப்பாய்ப் பிள்ளை, இருபத்துநாலு வயது. அதற்கு முன் சுன்னாகத்தில் ஒரு அச்சகத்தில் கல்யாணக் கார்டும் கோயில் நோட்டீசும் அடித்துக்கொண்டிருந்தவள். தட்டச்சில் மின்னல். ஒற்றுப்பிழை அவளுடைய கண்ணுக்குத் தப்பாது. வந்த மூன்றாம் நாளே நாட்குறிப்பும் பேனையுமாக றஜிதாவின் மேசைக்கு வந்து நின்றாள்.

“அக்கா, நீங்கள் எல்லாரும் நிக்கட்டும் நிக்கட்டும் எண்டுறியள். அது என்ன கருத்து?”

ஜெரோசன் வாயில் இருந்த தேத்தண்ணி மூக்கால் வருமளவுக்குச் சிரித்தான். றஜிதாவும் சிரித்தாள்.

“போகப்போகத் தெரியும், பிள்ளை” என்றாள்.

வினோஜா சிவந்துபோய் நாட்குறிப்பை மூடினாள். அதற்குப் பிறகு அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் தானாகவே ஊகித்துக்கொள்ளப் பழகிவிட்டாள். முக்கால்வாசி ஊகம் சரியாகத்தான் இருந்தது.

மூன்று கிழமை போயிருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை ரொறன்ரோவிலிருந்து ஜோர்ஜ் என்பவர் எடுத்தார். அவருடைய தாய் மார்கிரட் ரீச்சர், எண்பத்துமூன்று வயது, ஆஸ்பத்திரியில் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். “டொக்டர் கைவிட்டிட்டார் தங்கச்சி. நாளைக்குப் பேப்பரிலை வரவேணும், இடத்தைப் பிடிச்சு வையுங்கோ. முடிஞ்ச உடனை சொல்லுறன்” என்றார். வினோஜா பெட்டியைச் செய்தாள். ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்ற வரியும், ரீச்சர் கண்ணாடி போட்டுக்கொண்டு முறைக்கிற படமுமாக, பக்கத்தின் வலது மேல்மூலையில் அழகாக வைத்தாள்.

ஐந்தேகாலுக்கு ஜோர்ஜ் திரும்ப எடுத்தார், இந்தத் தரம் றஜிதாவின் லைனில். மனுசன் அழுகிறாரா சிரிக்கிறாரா என்றே விளங்கவில்லை. “அம்மா கண் முழிச்சிட்டா! தண்ணி கேட்டவவாம்!” பக்கம் அச்சுக்குப் போக இன்னும் முக்கால் மணித்தியாலம் இருந்தது. றஜிதா ரெலிபோனைக் காதில் வைத்தபடியே மற்றக் கையை உயர்த்தினாள்.

“வினோஜா! மார்கிரட் ரீச்சர் நிக்கட்டும்!”

“ஓம் அக்கா, நிக்கட்டும்!”

அந்தக் கட்டளை வினோஜாவுக்கு நேரே வந்தது அதுதான் முதல் தரம், ஜோர்ஜ் சொன்னதும் அவளுக்குக் கேட்கவில்லை. சுன்னாகத்து அச்சகத்தில் முதலாளி கார்டைப் பார்த்துவிட்டு “இந்தப் பூ நிக்கட்டும்” என்றால் அந்தப் பூ அந்த இடத்திலேயே இருக்கும். வேறென்ன? நிற்கட்டும் என்றால் நிற்கட்டும்தானே! வினோஜா ரீச்சரை அந்த மூலையிலேயே நிற்கவிட்டாள். பக்கம் முடிக்கும்போது ஜெரோசன் பெயர்களை வாசிப்பதில்லை. கரையும் இடைவெளியும் சரியா என்று மட்டும்தான் பார்ப்பான். ஆறு மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போனது.

விடிந்ததும் ரீச்சர் வீட்டுப் படலையில் சனம். பழைய மாணவிகள் மலர்வளையத்தோடு வந்து நிற்க, வீட்டு வேலைக்கு வருகிற அம்மா, “ஐயோ, ரீச்சர் காலமை இடியப்பம் கேட்டவவெண்டு ஆஸ்பத்திரியிலையிருந்து சொல்லியெல்லோ விட்டவை!” என்று தலையில் அடித்துக்கொண்டாராம். ஜோர்ஜ் ரொறன்ரோவிலிருந்து போட்ட சத்தம் கண்ணாடி அறைக்கு வெளியிலும் கேட்டது.

அந்த அறைக்குள் இருந்தவர் முகாமையாளர் கனகலிங்கம். அவரும் ஒரு காலத்தில் இதே மேல்மாடியில் பெட்டி செய்தவர்தான். மூவரையும் கூப்பிட்டார்.

“ஆர் விட்டது?”

“நான் நிக்கட்டும் எண்டு சொன்னனான், சேர்” என்றாள் றஜிதா.

“ஓம் சேர், எனக்கும் கேட்டது. அக்கா நிக்கட்டும் எண்டுதான் சொன்னவ” என்றான் ஜெரோசன்.

வினோஜா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “ஓம் சேர், அக்கா நிக்கட்டும் எண்டுதான் சொன்னவ” என்றாள் அவளும்.

“பிறகேன் போட்டனீர்?”

“நிக்கட்டும் எண்டபடியால்தானே சேர் போட்டனான்.”

கனகலிங்கம் அவளை ஒரு விசரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். மூன்று பேரும் சொன்னது ஒரே வசனம். அந்த அறையில் அதற்கு ஒரே கருத்துத்தான் இருந்தது, அது வினோஜாவின் கருத்து இல்லை. றஜிதாவுக்கு அந்த நிமிடமே எல்லாம் விளங்கிவிட்டது. மூன்றாம் நாளும், நாட்குறிப்பும், ஜெரோசனின் மூக்கால் வந்த தேத்தண்ணியும் கண்முன்னால் வந்து நின்றன. ‘சேர், இந்தப் பிள்ளை என்னட்டைக் கேட்டது, நான்தான் சொல்லிக் குடுக்கேல்லை.’ ஒரே ஒரு வசனம். வாய்க்குள் கொழுக்கட்டை இருந்தவள்போல நின்றாள் பாவி. பதினொரு வருடத்தில் ஒரு பிழை விடாதவள் என்ற பெயர் அவளுடைய நாக்கைப் பிடித்துக்கொண்டது.

அன்று மத்தியானமே வினோஜாவை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவள் சாப்பாட்டுப் பெட்டியையும் நாட்குறிப்பையும் பைக்குள் வைத்தாள். படியிறங்கும்போது திரும்பி, “போட்டு வாறன் அக்கா” என்றாள். றஜிதா திரையைப் பார்த்தபடி “ம்” என்றாள்.

அதோடு முடிந்திருந்தால் றஜிதா மெல்ல மெல்ல மறந்தும் இருப்பாள். மேல்மாடியின் பாஷை விடவில்லை. நாலாம் நாள் ஒரு பெட்டியில் ஊர்ப்பெயர் மாறிப்போகப் பார்த்தது. “ஐயையோ, இன்னும் கொஞ்சம் எண்டால் ஒரு வினோஜா நடந்திருக்கும்!” என்றான் ஜெரோசன். கீழ்மாடிக்காரர்கூடச் சிரித்தார்கள். பத்து நாளுக்குள் ‘வினோஜா’ ஒரு சொல்லாகிவிட்டது. கவலையீனமாக ஒன்றைச் செய்தால் அது வினோஜா. கனகலிங்கமே ஒருநாள் கண்ணாடி அறையிலிருந்து எட்டிப் பார்த்து, “இண்டைக்கு வினோஜா ஒண்டும் இல்லையே?” என்று கேட்டார்.

றஜிதா அந்தச் சொல்லைச் சொல்லாமல்தான் இருந்தாள். ஒரு வியாழக்கிழமை அவசரத்தில், “ஜெரோசன், திகதியைப் பார், வினோஜா பண்ணிப்போடாதை” என்று அவளுடைய வாயிலிருந்தே வந்துவிட்டது. வந்த பிறகுதான் காதில் விழுந்தது. எழும்பிப் போய்க் குளியலறையில் பைப்பைத் திறந்துவிட்டு அழுதாள். உயிரோடு இருக்கிற ஒரு பிள்ளையின் பெயரை எடுத்துப் பிழைக்குப் பெயராக வைத்துவிட்டோமே! ரீச்சருக்கு நடந்ததைவிட இது என்ன குறைவு?

அடுத்த நாள் மன்னிப்புக் கடிதத்தோடும் பழக்கூடையோடும் அவளை மார்கிரட் ரீச்சரிடம் அனுப்பினார்கள். ரீச்சர் வீட்டுக்கு வந்துவிட்டிருந்தார். கட்டிலில் தலையணைக்குச் சாய்ந்திருந்தார். மடியில் அந்தப் பத்திரிகை.

“என்ரை பேரப்பிள்ளையளிலை ஒண்டை விட்டிட்டியள்” என்றார் எடுத்த எடுப்பிலேயே. “அடுத்தமுறை போடேக்கை ஷரோனையும் சேர்த்துப் போடுங்கோ. அதுசரி, எப்பிடி இப்பிடி நடந்தது?”

றஜிதா மனப்பாடமாக வைத்திருந்த பொய்யைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். உண்மை வந்தது. சொல் வந்த கதையிலிருந்து பிள்ளை கேட்ட கேள்வி வரைக்கும் ஒன்றும் விடாமல் சொன்னாள்.

ரீச்சர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். “நிக்கட்டும் எண்டால் நானும் போட்டுத்தான் இருப்பன்” என்றார். “அந்தப் பிள்ளை இப்ப எங்கை?”

றஜிதா பழக்கூடையைக் கட்டிலோரம் தள்ளி வைத்தாள். ரீச்சர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அங்கிருந்து ஸ்கூட்டியை நேரே கந்தோருக்கு விட்டாள். கண்ணாடி அறைக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, ஜெரோசனுக்கும் கேட்கட்டும் என்றே உரத்துச் சொன்னாள்.

“சேர், பிழை என்ரை. நிக்கட்டும் எண்டால் என்ன கருத்தெண்டு வினோஜா என்னட்டைக் கேட்டவ. நான் சிரிச்சனான். அண்டைக்கு இந்த இடத்திலை நிண்டுகொண்டு வாயைத் திறக்காமல் இருந்தனான். நீங்கள் வேலையாலை நிப்பாட்டுறதெண்டால் என்னை நிப்பாட்டுங்கோ.”

“நானும் கேட்டிருக்கவேணும், என்ன?” என்றார் கனகலிங்கம். பிறகு, “போய்க் கூட்டிக்கொண்டு வாரும். திங்கக்கிழமையிலையிருந்து வரட்டும்” என்றார்.

வெளியே வந்தபோது ஜெரோசன் மின்விசிறியை இன்னும் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டான். “எங்களையும் சேர்த்தெல்லோ மாட்டிவிட்டனீங்கள்” என்றான். அவளிடம் அவன் அன்று சொன்னது அது ஒன்றுதான். நாளையிலிருந்து அந்த மேல்மாடியில் தனக்குத் தெரியாத சொற்களும் பிறக்கும் என்று றஜிதா நினைத்துக்கொண்டாள். நினைக்கப் பயமாகத்தான் இருந்தது.

கோப்பாயில் வினோஜா தோட்டத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிக்கொண்டு நின்றாள். பாவாடையைத் தூக்கிச் செருகி, காலெல்லாம் செம்மண். றஜிதாவைக் கண்டதும் மண்வெட்டியை வைத்துவிட்டு, “வாங்கோ அக்கா, இருங்கோ” என்று கதிரை எடுத்து வந்து போட்டாள். அந்த உபசரிப்பே றஜிதாவைச் சுட்டது. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இருக்காமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சேரிடம் சொன்னதையும் சொன்னாள். வினோஜா பொறுமையாகக் கேட்டாள்.

“அது விளங்குது அக்கா. ஆனால் அண்டைக்கு நான் கேட்டனான்தானே. ஏன் சொல்லேல்லை? அரை நிமிசம் எடுத்திருக்குமே?”

வாய்க்கால் தண்ணீர் பாத்தி நிரம்பி வழிந்தது, இரண்டு பேரும் அதைப் பார்க்கவில்லை.

“சொன்னால் நீரும் எங்களிலை ஒராளாகிப் போடுவீர்” என்றாள் றஜிதா. “அதுக்கு முதல் கொஞ்ச நாளைக்கு, சிரிக்கிறதுக்கு எங்களுக்கு வெளியாள் ஒண்டு தேவைப்பட்டது. வேறை ஒரு காரணமும் இல்லை. எனக்கு வெக்கமாக் கிடக்கு, வினோஜா.”

வினோஜா தலையாட்டினாள். முகத்தில் கோபம் இல்லை. எதையோ தேடிக் கண்டெடுத்தவளின் முகமாக இருந்தது.

“திங்கக்கிழமையிலையிருந்து வாரும் பிள்ளை. உம்மடை மேசை அப்பிடியே கிடக்கு. வருவீர்தானே?”

வினோஜா மண்வெட்டியை எடுத்து நிரம்பிய பாத்தியை மறித்து, அடுத்த பாத்திக்கு வாயை வெட்டினாள்.

“நிக்கட்டும், அக்கா” என்றாள்.

றஜிதா திகைத்துப் போனாள். மேசை அப்படியே நிற்கட்டும், வருகிறேன் என்கிறாளா? இல்லை, மேல்மாடிப் பாஷையில், என்னை எடுத்துவிடுங்கள் என்கிறாளா?

“எந்த நிக்கட்டும், வினோஜா?”

வினோஜா மெல்லச் சிரித்தாள். மேல்மாடிக்காரர் சிரித்த சிரிப்பு இல்லை அது, களைத்த சிரிப்பு.

“போகப்போகத் தெரியும், அக்கா.”

திங்கட்கிழமை றஜிதா ஏழரைக்கே கந்தோருக்குப் போனாள். வினோஜாவின் மேசையைத் துடைத்தாள். ஒரு புதுக் கொப்பியில் பெட்டி, முகம், ரப்பர்காரர், போகட்டும், நிக்கட்டும் என்று அந்தப் பகுதியின் சொற்கள் எல்லாவற்றையும் கருத்தோடு எழுதி அந்த மேசையில் வைத்தாள். அரை நிமிடம் இல்லை, முக்கால் மணித்தியாலம் எடுத்தது. எட்டரைக்கு ஜெரோசன் வந்தான். ஒன்பதுக்குக் கனகலிங்கம் வந்து வெறும் கதிரையைப் பார்த்துவிட்டு அறைக்குள் போனார். பத்தரை வரைக்கும் படியில் கேட்ட ஒவ்வொரு காலடிக்கும் றஜிதா தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

பதினொரு மணிக்குத் தெரிந்துவிட்டது, அவள் வரப்போவதில்லை. வினோஜா அவர்களுடைய சொல்லை அவர்களுடைய கருத்திலேயே சொல்லியிருந்தாள், ஒரு பிழையும் விடாமல்.