மேற்கு அறையில் வெயிலுக்கு இடமில்லை

இதை எனக்கு முதலில் சொன்னவர் சாரோன் அக்கா. போன வருஷம் குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின நாள், கோயில் வராந்தாவில் உட்கார்ந்து ஓலைச் சிலுவை முடைந்துகொண்டிருந்தபோது, கைவேலை நிற்காமல் சொன்னார்.

பாலாற்றங்கரையில் அவர் பிறந்த ஊரில், சித்திரை பிறந்ததும் வீட்டுக்கு ஒரு வெயில் என்று பெட்டியோடு வந்து தங்குவார். ஆடிக் காற்று எழும்பினதும் கிளம்பிப் போவார். அவர் வாசல் வழியாக வருவதில்லை. மொட்டை மாடியில் இறங்கி, தளத்தின் வழியே மேற்கு அறைக்குள் வந்து, பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, "ஃபேனைப் போடுங்க" என்பார். வெயிலுக்கு வெயில் ஆகாது. ஃபேன் நிற்காமல் சுற்ற வேண்டும், ஃபிரிட்ஜில் எந்நேரமும் ஐஸ் இருக்க வேண்டும், வசதியுள்ள வீடாக இருந்தால் ஏசி ஓட வேண்டும். கரண்ட் பில் வருகிற அன்றைக்கு வெயில் குளிக்கப் போய்விடுவார்.

அந்த ஊர் எப்சிபா வீட்டுக்கு வருகிறவர் கொஞ்சம் தடித்த வெயில். சட்டைப் பையில் கைக்குட்டையும் காலில் கறுப்பு பூட்ஸுமாக இருப்பார். எப்சிபாவின் கணவர் ஆசீர் தோல் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யார் வந்தாலும் எழுந்து நிற்கிற மனுஷர். வெயில் வந்தால் தன் தலையணையையே எடுத்துக் கொடுப்பார்.

அந்த வருஷம் தவக்காலத்தில், எப்சிபாவின் மகள் கெசியா சென்னையிலிருந்து போன் பண்ணினாள். அவளுக்கு இது இரண்டாவது பிரசவம்.

"அம்மா, நான் இங்கியே இருந்துக்கவா? அத்தை வீட்ல ஏசி இருக்கு."

"ஏம்மா, தாய் வீடு இருக்கும்போது?"

"தாய் வீட்லதான் வெயில் சார் இருப்பாரே" என்றாள் கெசியா. சண்டைக்குச் சொல்லவில்லை. அலுத்துப்போய்ச் சொன்னாள். "போன தடவை கைப்பிள்ளையோட ஹால்ல கெடந்தேன். அது உடம்பெல்லாம் வேர்க்குரு. அவரு உள்ள கதவைச் சாத்திட்டுக் குறட்டை விட்டாரு. எனக்கு அந்த வீட்ல எடமில்லைம்மா."

எப்சிபா போனை வைத்தாள். முழங்கால் போட்டாள். என்ன ஜெபித்தாளோ, கொஞ்ச நேரம்தான். எழுந்து முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "என்னங்க, கடைக்குப் போயி சுண்ணாம்பு வாங்கிட்டு வாங்க" என்றாள்.

"எதுக்கு?"

"மேற்கு ரூமு என் பொண்ணுக்கு. வெயிலுக்கு இல்ல."

ஆசீர் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "எப்சி, வருஷா வருஷம் வர்றவரு. மூஞ்சியப் பாத்து வராதேன்னு எப்பிடிச் சொல்றது?"

"நீங்க சொல்ல வேணாம். வீடு சொல்லும்."

அவள் படித்தது கொஞ்சம்தான். ஆனால் வீட்டில் எது எங்கே சுடும் என்று கை வைத்துப் பார்த்தே வாழ்ந்தவள். சுண்ணாம்பை ஊறப்போட்டு, சோற்றுக் கஞ்சியும் கல்லுப்பும் கலந்து கரைத்தாள். மாடியைக் கூட்டி, கழுவி, ஈரம் காய்வதற்குள் ஒரு பூச்சு, அது காய்ந்ததும் குறுக்கே இன்னொரு பூச்சு அடித்தாள். மேற்குச் சுவருக்கு வெளியே கீற்றுத் தட்டி கட்டி, அதன்மேல் புடலங்கொடி ஏற்றினாள். பழைய பருத்திப் புடவைகளைக் கிழித்துச் சுருட்டி, கதவுக்கு அடியிலும் ஜன்னல் சட்டத்தின் இடுக்கிலும் திணித்தாள். அறையில் இருந்தபடியே இன்னொரு வெயிலைப் போலக் காய்ந்துகொண்டிருந்த குண்டு பல்பைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. பல்பு மாட்டினாள். சுவரோடு ஒட்டிக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஃபிரிட்ஜை ஒரு சாண் தள்ளி வைத்தாள். அது பெருமூச்சு விட்டது. பெரிய செலவொன்றும் இல்லை. இடுப்பு வலிதான்.

தெருக்காரர்கள் மாடிகளில் நின்று பார்த்தார்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் பரந்தாமன் நேரிலேயே வந்தார். அவர் வீட்டில் ஒவ்வொரு அறைக்கும் ஏசி உண்டு. ஆகையால் ஊருக்கு வருகிற வெயில்களிலேயே பெரியவர் அவர் வீட்டில்தான் இறங்குவார். அதில் அவருக்கு ஒரு கௌரவம்.

"என்னம்மா இது, வந்த விருந்தாளிய வெளிய நிறுத்துறது? ஊர் வழக்கம்னு ஒண்ணு இருக்கில்ல?"

"இருக்குண்ணே. பொண்ணு பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வர்றதும் ஊர் வழக்கந்தான்."

"சரி, உங்க வெயிலு எங்க போவாரு? பக்கத்து வீட்டுக்குத்தானே வரணும்? ஒருத்தரை வச்சுக்கவே முடியல. ரெண்டு பேருன்னா?"

"உங்க மாடிக்கும் சேர்த்தே சுண்ணாம்பு கரைச்சிருக்கேன்" என்றாள் எப்சிபா. "பக்கெட்டு மட்டும் திருப்பிக் குடுத்துருங்க."

பரந்தாமன் பக்கெட்டை எடுக்காமல் போனார்.

சித்திரை பிறந்தது. வெயில் பெட்டியோடு மொட்டை மாடியில் வந்து இறங்கினார். சுண்ணாம்புத் தளத்தில் பூட்ஸ் வழுக்கியது. பெட்டியை ஊன்றிக்கொண்டு எழுந்தார். இறங்குகிற இடத்தைத் தேடிப் பார்த்தார். தளம் அவரைத் திருப்பி மேலேயே அனுப்பிக்கொண்டிருந்தது. பிறகு மேற்குச் சுவருக்கு வந்து தட்டியைத் தட்டினார். புடலங்கொடி வழி விடவில்லை. கடைசியில் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்து, கதவு இடுக்கில் விரலை விட்டுப் பார்த்தார். விரலில் புடவைத் துணிதான் பட்டது.

"அம்மா" என்று கூப்பிட்டார். குரலில் கோபமில்லை. "ஹால்ல எழுதி மாட்டியிருக்கீங்களே, இந்த வீட்டுக்குக் கண்ணுக்குத் தெரியாத விருந்தாளி ஒருத்தர் உண்டுன்னு. அது நான்தானே?"

"அது ஆண்டவரு. நீங்கதான் நல்லாத் தெரியிறீங்களே" என்றாள் எப்சிபா உள்ளேயிருந்து. "பெட்டி வேற."

வெயில் காம்பவுண்டுச் சுவரில் ஏறி உட்கார்ந்தார். பக்கத்து வீட்டில் இடம் கேட்டதற்கு, ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார் என்று சொல்லிவிட்டார்கள். பரந்தாமன் வீட்டில், இருக்கிற வெயிலே சம்மதிக்கவில்லை. ஆகவே அவர் அந்தச் சுவரிலேயே இருந்தார். போகிற வருகிறவர்கள் எல்லாம் அவரைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். எப்சிபாவைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவள் எல்லோருக்கும் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, காலையிலேயே ஜன்னல்களைச் சாத்தினாள். சாயங்காலம் காற்று மாறினதும் திறந்தாள். மேற்கு அறை குளத்தடி மண்போலக் குளிர்ந்திருந்தது.

கெசியா வருகிற நாள் வந்தது. அவள் அம்மாவிடம் ஒன்றே ஒன்று சொல்லியிருந்தாள். "வருவேன். ரூம்ல கால் வச்சுப் பாப்பேன். அவரு இருந்தா அதே ஆட்டோல திரும்பிருவேன்."

அன்றைக்குத்தான் ஆசீர் அந்தத் தப்பைச் செய்தார். மகள் வருகிறாளே, அறை அடைசலாக இருக்கக் கூடாதே, காற்று வரட்டுமே என்று, உச்சி மத்தியானத்தில் மேற்கு ஜன்னலைத் திறந்துவிட்டார். அந்த ஊரில் எல்லோரும் காலங்காலமாகச் செய்கிற தப்பு அது. ஜன்னலுக்கு இரண்டு கதவுகள்தான், கம்பி கிடையாது. வெயில் தட்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஒருக்களித்து நுழைந்து, பூட்ஸ் காலோடு ஒரு காலை உள்ளே வைத்துவிட்டார். பெட்டியை ஆசீரே கை நீட்டி வாங்கிக்கொண்டிருந்தார்.

"பெட்டியக் குடுத்துருங்க" என்றாள் எப்சிபா, அறை வாசலில் நின்று.

"எப்சி, ஒரு கால் வந்துருச்சு. இனிமே வேணாம்னா நல்லாருக்காது."

"ஒரு கால்தானே? இன்னொண்ணு வெளியதானே இருக்கு?"

தெருவில் ஆட்டோ நிற்கிற சத்தம் கேட்டது. பரந்தாமனும் சங்கத்துக்காரர்களும் சுவருக்கு வெளியே கூடிவிட்டார்கள். வெயில் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "ஃபேனை மட்டும் போடுங்கம்மா, மத்தத அப்புறம் பேசிக்கலாம்" என்றார். அவர் வைத்த காலைச் சுற்றித் தரை சுட ஆரம்பித்தது.

எப்சிபா சத்தம் போடவில்லை. தள்ளவில்லை. ஜன்னலுக்கு எதிரே முழங்கால் போட்டு, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "எல்லாரும் ஜெபம் பண்ணுவோம்" என்றாள்.

அதற்கப்புறம் யார் என்ன செய்ய முடியும்? ஆசீர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். பரந்தாமன் திருநீறு பூசுகிறவர்தான், என்றாலும் தலையைக் குனிந்து நின்றார். வெயிலும் மரியாதை தெரிந்தவர்தான். பூட்ஸ் காலோடு ஜெபத்தில் நிற்கலாகாது என்று, உள்ளே வைத்த காலை எடுத்து வெளியே ஊன்றி, இரண்டு பூட்ஸையும் கழற்றி ஓரமாக வைத்தார். கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார்.

எப்சிபா ஜெபித்தாள். முதலில் பிள்ளைத்தாச்சிகளுக்காக. அப்புறம் மாமியார் வீட்டில் வாழ்கிற பெண்களுக்காக. சொந்தத்தில் ஒருவர் விடாமல், பேசாமல் போனவர்களையும் சேர்த்து, பேர் சொல்லி ஜெபித்தாள். சங்கத்துக்காக, பரந்தாமனுடைய சர்க்கரைக்காக, மின்வாரியத்தில் கம்பம் ஏறுகிற பிள்ளைகளுக்காக ஜெபித்தாள். ஜெபித்துக்கொண்டே, கண்ணைத் திறக்காமல், பெட்டியை ஜன்னல் வழியாக வெளியே இறக்கினாள். அதே கையால் ஜன்னலை இழுத்துச் சாத்திக் கொண்டி போட்டாள். இடுக்கில் துணியையும் திணித்தாள். குரல் எங்கும் தடுக்கவில்லை. வெளியே நின்ற வேப்பமரத்தின் நிழல் மேற்குச் சுவரைத் தாண்டிப் போனபிறகுதான் ஆமென் சொன்னாள்.

"ஆமென்" என்றார் வெயில், வெளியேயிருந்து. பூட்ஸை மாட்டிக்கொண்டே, "அம்மா, ஜெபத்துல என் பேரும் வந்தது மாதிரி இருந்துச்சே?" என்றார்.

"வந்துச்சு. நீங்க நல்லா இருக்கணும்னு கேட்டேன். வெளிய."

கெசியா ஜெபம் முழுக்க அறை வாசலில் நின்றிருந்தாள், வயிற்றில் கை வைத்தபடி. செருப்பைக் கழற்றி, ஒரு காலைத் தரையில் வைத்துப் பார்த்தாள். நடு அறையில் தரை குளிர்ந்துதான் இருந்தது. ஜன்னலடியில் மட்டும் பூட்ஸ் அளவுக்கு ஓர் இடம் சுட்டது. எப்சிபா அதன்மேல் ஈரச் சாக்கைப் போட்டாள். கெசியா இன்னொரு காலையும் வைத்தாள்.

"ஆட்டோவ அனுப்பிருங்கப்பா" என்றாள்.

வெயிலை எப்சிபா ஊரைவிட்டுத் துரத்தவில்லை. மாடியில் ஒரு ஓரமாக, கறுப்புப் பூசின தண்ணீர் டிரம் பக்கத்தில், இருந்துகொள்ளச் சொன்னாள். சும்மா இல்லை. காலையில் பிள்ளை குளிக்க வெந்நீர் போட வேண்டும், மத்தியானம் அதன் அணைத்துணிகளை உலர்த்த வேண்டும். வெயில் யோசித்துப் பார்த்து ஒத்துக்கொண்டார். அதுவரை யாரும் அவரிடம் வேலை கேட்டதில்லை. வடகத்துக்குக் காக்காய் ஓட்டவும் அவரே கற்றுக்கொண்டார். கீழே வெந்நீர் ஹீட்டர் ஓடவில்லை, ஃபேன் மெதுவாகத்தான் சுற்றியது. பெண்குழந்தை பிறந்தது. உடம்பில் ஒரு வேர்க்குரு இல்லை.

வைகாசி கழிவதற்குள் பரந்தாமன் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "அந்தப் பக்கெட்டு இருக்குதாம்மா?" எப்சிபா எடுத்துக் கொடுத்தாள். தெருவே வெள்ளையாயிற்று. வெயில்கள் எல்லாம் மாடி மாடியாக உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் குரல் கொடுத்துக்கொண்டு துணி உலர்த்தினார்கள்.

ஆடி பிறந்ததும் வெயில் பெட்டியை எடுத்துக்கொண்டார். கெசியா மாடிக்கு வந்து ஒரு டம்ளர் மோர் கொடுத்தாள். குடித்துவிட்டுக் கிளம்பினார்.

அந்த வாரம்தான் எப்சிபா வீட்டு வாசலில் இருக்கிற கரண்ட் மீட்டர் தூங்க ஆரம்பித்தது. வருஷக்கணக்காகக் கண் இமைத்து இமைத்து ஓடின மீட்டர், சிவப்புக் கண்ணை மூடிக்கொண்டு, பெட்டிக்குள் ஒருக்களித்துப் படுத்துவிட்டது. கணக்கெடுக்க வந்த தம்பி கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். மீட்டர் தூக்கத்திலேயே ஏதோ ஒரு சின்ன எண்ணை முனகியது. அவன் அதை எழுதிக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனான்.

இன்னமும் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறதாம். நீங்கள் எப்போதாவது அந்தத் தெரு வழியாகப் போனால், எப்சிபா வீட்டைத் தாண்டுகிற வரைக்கும் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.